பின்சீட் இல்லாத வண்டி

கும்மிடிப்பூண்டி எங்கள் திருவள்ளூரிலிருந்து முப்பது மைல். அதற்குப் போய் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், பதினோரு வருஷம் நான்கு மாட வீதியைத் தாண்டாத மனிதனாக இருந்து பார்க்க வேண்டும். எனக்கு அது சீமைக்குப் போய் வந்த மாதிரிதான். ஐந்து நாள் தங்கினேன், ஒரு வண்டி ஓட்டக் கற்றேன், ஒரு பொய்யோடு திரும்பி வந்தேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. அந்தப் பொய்யை இன்னும் மறக்க முடியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

பெருமாளைத் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோகிறவர்களை ஸ்ரீபாதம்தாங்கிகள் என்பார்கள். நான் அவர்களில் ஒருவன். பத்தொன்பது வயதில் தண்டுக்குத் தோள் கொடுத்தேன். முன்தண்டில், இடது ஓரத்தில் எனக்கென்று ஓர் இடம். முப்பத்தாறு வயதில் ஒரு மழைநாள் புறப்பாட்டில், ஈரக்கல்லில் கால் வழுக்கி இடது முழங்காலை உடைத்துக்கொண்டேன். பெருமாள் சாயவில்லை, பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாய்ந்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு எனக்கு வாகன மண்டபத்தில் வேலை. கருடன், அனுமார், யானை, குதிரை என்று மர வாகனங்களைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அத்தனை வாகனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொந்த வாகனம், கையால் சுற்றி ஓட்டும் ஒரு மூன்று சக்கர வண்டி. கொஞ்சம் மேடு வந்தால் அதுவும் நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளுகிறவள் என் மனைவி அலமேலு. பதினோரு வருஷமாக அவள் பார்த்தது என் முதுகைத்தான்.

அலமேலு பிறந்த ஊர் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிப் பக்கம் மூன்று மைல். எனக்குக் கால் உடைந்த வருஷம் அவளைப் பார்க்க வந்த அவள் அண்ணி, "இனிமே உன் புருசன் எங்க உன்ன கூட்டிக்கினு போவப் போறாரு?" என்று என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அலமேலு தாய்வீட்டுப் பக்கம் போகவில்லை. இப்போது அந்த வீட்டில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தை மாசம் முகூர்த்தம்.

"பஸ்ல போய் எறங்கி, மூணு மைலும் நீங்க கட்டைய ஊனிக்கினு வர்றத ஊரே வேடிக்க பாக்கணுமா?" என்றாள். "ஒரு தபா, ஒரே ஒரு தபா, மோட்டார் வண்டில உங்க பின்னால உக்காந்துக்கினு போய் எங்க அண்ணன் ஊட்டு வாசல்ல எறங்கணும். அப்பறம் நீங்க எங்கயும் கூட்டிக்கினு போவாட்டியும் பரவால்ல."

கும்மிடிப்பூண்டியில் கால் ஊனமானவர்களுக்கென்று மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டி செய்து தருகிற பட்டறைக்காரர் ஒருவர் இருப்பதாகச் சொன்னதும் அவள்தான். யாரிடமோ விசாரித்து, கடுதாசி எழுத வைத்து, பதிலும் வாங்கி வைத்திருந்தாள். வண்டியைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே தங்கி ஓட்டக் கற்றுக்கொண்டு வர வேண்டும். நாற்பத்தேழு வயதில் எனக்கு அந்த வேலை.

முதல் நாள் காலை பஸ். கோயிலில் இருக்கும்போது நான் பெரிய மனிதன். பஸ் படிக்கட்டில் வெறும் மூட்டை. கைக்கட்டையை முதலில் உள்ளே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "பாவம், கோயில் யானைய லாரில ஏத்துற மாதிரி இருக்குது" என்றாள் ஒருத்தி. "யானைக்காவது பலகை போடுவாங்க" என்றாள் மற்றவள். அலமேலு வீட்டுப் பக்கம் பாதிப் பேச்சு தெலுங்குதான், அதனால் எனக்கு எல்லாம் புரியும். இறங்கும்போது அவர்களைப் பார்த்துத் தெலுங்கிலேயே "போய் வருகிறேன் அம்மா" என்று சொன்னேன். இரண்டு பேரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

பட்டறை நெடுஞ்சாலையை ஒட்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர் கிடையாது. பட்டறைக்காரர் பெயர் தேவசகாயம். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்று நட்டு, கதிரறுத்துக் கூலி வாங்கியவர். மகன் எண்ணூர்ப் பக்கம் மின்நிலையம் கட்டும்போது வெல்டிங் பழகிக்கொண்டு, திரும்பி வந்து சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார். சுற்றிலும் அப்போதுதான் கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. எங்கள் ஊரில் மணியோசையைக் கேட்டு நேரம் தெரிந்துகொள்வோம். இங்கே சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகிறது, இன்னொரு கூட்டம் வெளியே வருகிறது.

"வாங்கண்ணே, வாங்க. ரங்கசாமிண்ணன் நீங்கதானே? வெயில்ல வந்துகிறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். அவர் மனைவி எஸ்தர் சொம்பை நீட்டினாள்.

"தாகம் இல்லம்மா" என்றேன். தாகத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெருமாளைச் சுமந்த உடம்பு, கண்ட இடத்தில் கை நனைக்கக் கூடாது என்று எனக்கு நானே வைத்திருந்த சட்டம் அது. எஸ்தருக்குப் புரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். நான் மெல்ல நடந்து ரோட்டோரக் கடையில் சோடா குடித்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வண்டிகள் தயாராக இருந்தன. ஒன்று முழு ஸ்கூட்டர். பின்னால் ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டு, இரும்புத் தண்டில் இரண்டு சக்கரம் கோத்து, இரண்டு பேர் உட்காருகிற நீளமான சீட்டு போட்டது. கிளட்சும் கியரும் இடது கையில், பிரேக் வலது காலில், என் காலுக்கென்றே செய்த மாதிரி. மற்றது ஒற்றை ஆள் வண்டி. நாற்காலி மாதிரி தாழ்வான ஆசனம், சக்கரங்கள் நன்றாக அகன்று இருந்தன, ஆசனத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. லேத்தில் கால் போன தன் அண்ணனுக்கு முதலில் செய்த மாதிரியை வைத்து இதைச் செய்ததாகச் சொன்னார்.

"இன்னாண்ணே, எது வேணும்?"

"ரெண்டு பேர் வண்டிதான். ஊட்ல சம்சாரம் உக்காரணும்" என்றேன். அப்போது எனக்குச் சந்தேகமே கிடையாது. நீளச் சீட்டின் பின்பாதியை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். பஞ்சு நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை, நாஷ்டாவுக்கு எஸ்தர் இட்லி கொண்டுவந்து வைத்தாள். "புதுப் பானைல வெச்சதுண்ணே. நேத்து சந்தைல வாங்கினேன். எங்க ஊட்டுச் சட்டி எதுலயும் படல" என்றாள். முந்தின நாள் நான் தண்ணீர் வேண்டாம் என்றதற்கு அவள் சொன்ன பதில் அது. கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறு இட்லி சாப்பிட்டேன். கோயில் பிரசாதத்துக்கு அடுத்தபடி என் வாழ்நாளில் நான் கூச்சப்பட்டுக்கொண்டே ரசித்துச் சாப்பிட்டது அதுதான்.

ரயில் பாதையோரம் உப்புப் பூத்த பொட்டல் ஒன்று. அங்கே பாடம். நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. சின்ன வயதில் கூட்டாளிகள் எல்லாரும் வாடகை சைக்கிளில் விழுந்து எழுந்துகொண்டிருந்தபோது நான் தண்டு சுமந்துகொண்டிருந்தேன். கிளட்சை விட்டதும் வண்டி முயல் மாதிரி ஒரு குதி குதித்து நின்றுபோனது. பத்துத் தடவை குதித்தது. பதினோராவது தடவை ஓடியது. ஓடியதை நிறுத்தத் தெரியாமல் கரிக்கட்டிக் குவியலில் போய் ஏற்றினேன்.

"பேஜாருக்கு ஒண்ணும் இல்ல. கரிய இடிச்சீங்க, ரயில இடிக்கல" என்றார் தேவசகாயம்.

அந்தப் பக்கமாகப் போன ஒரு லாரி கிளீனர் தெலுங்கில், "இந்த வயசுல நாமம் போட்டுக்கினு இவருக்கு இது தேவையா நைனா?" என்று டிரைவரிடம் கேட்டான். டிரைவர், "உனக்கு லைசன்ஸ் வாங்க எட்டு வருசம் ஆச்சு, பேசாம வா" என்றார். அந்த டிரைவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலத்துக்குள் நேராக ஓட்ட வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பதினோரு வருஷத்துக்குப் பிறகு முகத்தில் காற்று அடித்தது. யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை. பொட்டலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று தேவசகாயத்திடம் சொன்னேன்.

மூன்றாம் நாள்தான் வினை. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. தேவசகாயம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார், அச்சை அளந்தார், மறுபடி பூட்டினார். பிறகு என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தார். "வண்டில ஒண்ணும் இல்லண்ணே. உங்களாண்டதான் கீது. ஏன் நீங்க திரும்பக்கொள்ள வெளிப்பக்கமா சாயுறீங்க? எல்லாரும் உள்பக்கம் சாய்வாங்க."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பெருமாள் வீதி முனையில் திரும்பும்போது உள்பக்கத்து ஆட்கள் நின்ற இடத்திலேயே அடி வைப்பார்கள். வெளிப்பக்கத்துக்காரன் எட்டி நடந்து, தோளை உயர்த்தி, உடம்பை வெளியே தள்ளித் தாங்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் பெருமாள் ஒரு பக்கமாகச் சாயாமல் மட்டமாக இருப்பார். பதினேழு வருஷம் நான் வெளிப்பக்கத்துக்காரன். திருப்பம் என்றால் என் உடம்பு யாரையும் கேட்காமல் வெளியே போய்விடுகிறது.

இதைச் சொன்னபோது தேவசகாயம் சிரிக்கவில்லை. "அப்ப உங்க உடம்புக்கு புதுசா சொல்லிக்குடுக்கணும். நாள் ஆவும். ஒரு வாரம் கூட இருந்துட்டுப் போங்க" என்றார். நான் கேட்டிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் 'உள்ளே, உள்ளே' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினால் சரியாகத் திரும்ப வந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். கோயிலிலும் எனக்கு அந்தப் பெயர் உண்டு: பாதி தெரிந்ததும் முழுக்கத் தெரிந்துவிட்டதாகத் துள்ளுகிறவன்.

"பின்னால ஒரு ஆள உக்கார வெச்சிப் பாக்கணும்" என்று கேட்டது நான்தான். தேவசகாயம் யோசித்தார். எஸ்தர், "நா உக்கார்றேன். அக்கா என்ன மாதிரி எடைதானே இருப்பாங்க?" என்று சொல்லி, சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பொட்டலில் இரண்டு சுற்று நன்றாகவே போனோம். "அண்ணே, காத்து ஜோரா கீது" என்றாள் பின்னாலிருந்து. மூன்றாவது சுற்றில் எனக்குத் தைரியம் முற்றிப்போய், பொட்டலை விட்டு ரயில்வே கேட் பக்கம் ரோட்டில் திருப்பினேன். எதிரில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். உள்ளே என்ற வார்த்தை எங்கேயோ போய்விட்டது. தோள் எழும்பியது, உடம்பு வெளியே போனது, பதினேழு வருஷமும் ஒரே நொடியில் வந்துவிட்டது.

வண்டி கவிழ்ந்தது. நான் மணலில் விழுந்தேன், எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. எஸ்தர் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்ததைப் பார்த்தேன்.

"உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லியேண்ணே? கால் நல்லாகீதா?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள்.

நான்காம் நாள் விடியற்காலையில் தேவசகாயம் அவளைப் புத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுதான், மூங்கில் பட்டை வைத்து, பச்சிலையும் முட்டையும் குழைத்துப் பூசிக் கட்டுவார்கள். நான் பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளச் சீட்டின் பின்பாதியில் எஸ்தர் தெரியவில்லை, அலமேலு தெரிந்தாள். அந்த மணிக்கட்டு அலமேலுவுடையதாக இருந்தது. என்னைத் தள்ளி, தூக்கி, எழுப்பி நிறுத்துகிற அந்தக் கையும் போய்விட்டால் எங்கள் வீடு என்ன ஆகும் என்று நினைத்தேன். இப்படி நினைத்தது நிஜம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மறுபடி ஒரு பெண்ணைக் கீழே தள்ளிவிட்டு நாலு பேர் முன்னால் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. பயந்ததில் பாதி அவளுக்காக, பாதி என் மானத்துக்காக.

அவர்கள் சாயங்காலம் திரும்பினார்கள். எஸ்தரின் கை முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டு. அந்தக் கையோடு ராத்திரிச் சோற்றைப் புதுப் பானையில் வடித்து எனக்குப் பரிமாறவும் வந்துவிட்டாள். "எடது கைல போட்றேண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுச் சொம்பில் கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தேன். அதை எஸ்தர் கவனித்தாளா என்று தெரியாது.

ஐந்தாம் நாள் காலை, "ஒத்த ஆள் வண்டியே குடுத்துடுங்க" என்றேன்.

தேவசகாயம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அண்ணே, எஸ்தர் கை ஒரு மாசத்துல சரியாப் பூடும். நீங்க ஒரு வாரம் இருங்க. நானே பின்னால உக்கார்றேன், எத்தினி தபா வேணாலும் உழலாம். அக்காவுக்குன்னு வந்துட்டு இதயா எடுத்துக்கினு போறது?"

"அந்தப் பெட்டி மேல அவ உக்காரலாமா?"

"அது தகரம்ணே. அரிசி மூட்ட தாங்கும். ஆள் தாங்காது."

நான் ஒற்றை ஆள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அது அகலமான வண்டி. வெளியே சாய்ந்தாலும் கவிழாது. என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் சரி என்று சொல்லிக்கொண்டேன்.

வழியில் ஒரு பஞ்சர், ஒரு தடவை பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்து சூடேறி நின்றது, பெரியபாளையம் தாண்டி ஓர் எருமை பத்து நிமிஷம் நகரவில்லை. எருமைகூட என்னைச் சந்தேகத்தோடு பார்த்த மாதிரி இருந்தது. சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மோட்டார் சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். அலமேலு புதுச் சேலையில் நின்றாள். ஊருக்குப் போகிறதற்காக வாங்கியது, என்னை வரவேற்க முன்னாலேயே கட்டிக்கொண்டுவிட்டாள். சிரித்த முகத்தோடு வண்டியைச் சுற்றிவந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றாள். தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள்.

"ரெண்டு பேர் வண்டி அங்க கெடைக்கல" என்றேன். "அவுரு செய்றதே இல்லியாம்."

"அப்டியா" என்றாள். "நீங்க ஓட்டிக்கினு வந்ததே பெருசு. கை கால் கழுவுங்க, காப்பி போட்றேன்" என்று உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானப்படுத்தி வருகிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள். சீர்ச் சாமான்களை அலமேலு பெட்டியில் அடுக்கிக் கட்டினாள். எனக்குப் பின்னால் வெற்றிலை, பாக்கு, பட்டுப்பாவாடை, தேங்காய் எல்லாம் உட்கார்ந்து வந்தன. அவள் பஸ்ஸில் வந்தாள். கும்மிடிப்பூண்டி பஸ் நிற்கிற இடத்தில் நான் காத்திருக்க வேண்டும், அங்கிருந்து மூன்று மைலும் அவள் நடக்க, நான் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு.

நான் முன்னாலேயே போய்விட்டேன். தேவசகாயத்தின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பட்டறைக்கு எதிர்ப்பக்கம், புளியமரத்து ஓரம் நின்றேன். பஸ் வரவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அலமேலுவின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தவர்கள் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு இறங்கிவிட்டார்கள். "யாரு, நம்ம அலமேலு ஊட்டுக்காரரா? இது உங்க வண்டியா?" என்று விளக்கையும் ஹாரனையும் தொட்டுப் பார்த்தார்கள். "வாங்க, நாங்க முன்னால போறோம், நீங்க பின்னாலயே வாங்க" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அலமேலுவுக்கு வழி தெரியாதா என்ன, பிறந்த ஊர்தானே என்று நினைத்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

வாசலில் போய் இறங்கினேன். பந்தலில் இருந்த கூட்டம் முழுக்க எழுந்து வந்தது. "பாவா! பாவா மோட்டார்ல வந்துகிறாரு!" என்று மச்சான் தெலுங்கில் முறை சொல்லிக்கொண்டே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷமாக எனக்குக் கிடைக்காத மரியாதை. அண்ணிகூட ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அலமேலு எங்க?"

"பஸ்ல வர்றா" என்றேன்.

"ஓ" என்றாள் அண்ணி.

ஒரு மணி நேரம் கழித்து வரப்பு வழியாக அலமேலு வந்தாள். முழங்கால் வரை புழுதி, புதுச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. பந்தலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, சுற்றி நாலு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆசைப்பட்டதை, அவள் சொன்ன வார்த்தை பிசகாமல், நான் தனியாக அனுபவித்து முடித்திருந்தேன். என்னைப் பார்த்து, "காப்பி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினாள்.

கல்யாணம் முடிந்து மறுநாள் திரும்பும்போது அவளோடு மெதுவாகத்தான் வந்தேன். மூன்று மைலும் அவள் நடந்தாள், நான் ஓட்டினேன். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது பின்சக்கரத்து நட்டு ஒன்று கழன்று விழுந்தது. பட்டறைக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

எஸ்தர் கட்டுப்போட்ட கையோடு ஓடி வந்தாள். "அக்கா! நீங்கதானா? வாங்கக்கா, உக்காருங்க." அலமேலு அந்தக் கட்டைப் பார்த்து, "இன்னாம்மா ஆச்சு?" என்றாள்.

"அண்ணன் சொல்லலியா? நீங்க பின்னால உக்காரணும்னு அந்த வண்டில என்ன வெச்சி ஓட்டிப் பாத்தாரு. கேட்டாண்ட உழுந்துட்டோம். ஒண்ணும் இல்லக்கா, கட்டு பிரிச்சா சரியாப் பூடும். அதுக்குப் போயி அண்ணன் பயந்துகினு அந்த வண்டியே வாணாம்னுட்டாரு." எஸ்தர் சொன்னதில் குற்றம் சொல்கிற தொனி ஒரு துளிகூட இல்லை.

அலமேலு எழுந்து பட்டறையின் மூலைக்குப் போனாள். அங்கே கோணி போட்டு மூடியிருந்த வண்டியின் கோணியை விலக்கினாள். நீளச் சீட்டில் தூசியைத் துடைத்து, பின்பாதியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது அப்பவே இருந்திச்சா?"

"இருந்திச்சு" என்றேன்.

"உங்களுக்குப் பயமா இருந்திச்சுன்னு சொல்லியிருந்தா நா இன்னா கோச்சிக்கப் போறேனா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பதினோரு வருசமா உங்கள எழுப்பி உட்டுக்கினு கீறேன். நா உழுந்தா எனக்கு எழுந்துக்கத் தெரியாதா?"

தேவசகாயம் நட்டை முடுக்கிவிட்டு வந்தார். "அக்கா, இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போவல. இத எடுத்துக்கினு அதக் குடுத்துட்டுப் போங்க. அண்ணன் நாலு நாள் இருந்து பழகிக்கட்டும்."

"எதுக்குங்க? கல்யாணம்தான் முடிஞ்சி போச்சே" என்றாள் அலமேலு.

எங்கள் ஊர் பஸ் வந்துவிட்டது. அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் வண்டியைக் கிளப்பி பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன். கடைசி சீட்டில் அவள் முதுகு தெரிந்தது. ஏழெட்டு மைல் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். திரும்புவாள் என்று நினைத்தேன். கவரைப்பேட்டை தாண்டியதும் பஸ் வேகம் பிடித்துப் போய்விட்டது.

மறுமாசம் நான் கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பத்து நாள் தங்கினேன். தேவசகாயம் பின்னால் உட்கார்ந்தார், ஆறு தடவை விழுந்தோம், என் உடம்பு உள்பக்கம் சாயக் கற்றுக்கொண்டது. நீளச் சீட்டு வண்டியோடு திரும்பினேன். அலமேலு மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தாள். கோயிலுக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, காக்களூர் ஏரிக்கரைக்கு என்று வருஷக்கணக்காக என் பின்னால் வந்தாள். தண்டு அழுத்திக் காய்த்துப்போன என் வலது தோளில் கையை வைத்துக்கொள்வாள். திருப்பம் வந்தால் எனக்கு முன்னால் அவள் உள்ளே சாய்வாள்.

அண்ணன் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் மட்டும் நான் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்துவேன். அலமேலு பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறி உட்காருவாள்.

"பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடுங்க" என்பாள். "அங்கிருந்து நா போய்க்கிறேன்."